சுகருக்கு ஆகும், ஆகாது பட்டியல் போதும். அளந்து பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகை இருபது வருடமாக எங்கள் வீட்டுக்கு வருகிறது. போன வாரம் மருத்துவப் பக்கத்தில், சர்க்கரை நோயாளிகள் சாப்பிடக்கூடியவை, கூடாதவை என்று இரண்டு கட்டம் போட்டிருந்தீர்கள். கூடியவை கட்டத்தில் முதலாவதாகக் கேழ்வரகுக் கஞ்சி, அப்புறம் இட்லி, ஓட்ஸ், சப்பாத்தி. கூடாதவையில் அரிசிச் சோறு, உருளைக்கிழங்கு, மாம்பழம், வாழைப்பழம். என்னோடு வேலை பார்க்கிற ஒரு பெண் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தன் சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டார். 2019-ல் நானும் இதே மாதிரி ஒரு கட்டத்தைக் கத்தரித்து ஒட்டினேன், நாலு வருடம் அதை வேதவாக்காக நம்பினேன். அந்த நாலு வருடத்தில் எனக்கு என்ன ஆனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 54. மயிலாடுதுறையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். 2019-ல் கால் எரிச்சலுக்காகப் போனபோது சுகர் என்று தெரிந்தது. வெறும் வயிற்றில் 148, சாப்பிட்ட பின் 236, மூன்று மாதச் சுகர் சராசரி (HbA1c) 8.1. மெட்ஃபார்மின் மாத்திரை காலையும் இரவும் எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து காலையில் கேழ்வரகுக் கஞ்சி, இரவில் சப்பாத்தி, மத்தியானம் மட்டும் ஒரு பிடி சோறு, அதையும் ஏதோ தப்பு செய்கிறவள் மாதிரி சாப்பிடுவேன். இனிப்பு கிடையாது, பழம் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை லேபில் ரத்தம் கொடுத்தால் 7.6 வரும், 7.8 வரும், ஒரு தடவை 8.0. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "வாயைக் கட்டணும்மா" என்பார். கட்டித்தானே வைத்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வராது. வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். இந்த நோய் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு நாள் இப்படி அழுதிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

2023 பொங்கலுக்கு மகள் வந்திருந்தாள். உயிர்வேதியியல் படித்தவள், சென்னையில் வேலை. அவள் என் சீட்டுகளை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "கடையில் தினசரி வரவு செலவு எழுதாமல், மூன்று மாதம் கழித்துக் கல்லாவை மட்டும் எண்ணிப் பார்த்தால் பணம் எங்கே போச்சு என்று உனக்குத் தெரியுமா அம்மா?" முப்பது வருடம் கணக்கு எழுதுகிற எனக்கு இது உறைத்தது. மூன்று மாதச் சராசரி கல்லா இருப்பு மாதிரி. இருப்பு குறைந்திருக்கிறது என்று சொல்லும், எந்தச் செலவில் குறைந்தது என்று சொல்லாது.

அன்றைக்கே வீட்டில் விரலில் குத்திச் சுகர் பார்க்கிற குளுக்கோமீட்டர் ஒன்றும், அதில் ரத்தச் சொட்டு வைக்கிற 50 ஸ்ட்ரிப்பும் வாங்கிக் கொடுத்தாள். ஒரு நோட்டில் கோடு போட்டேன். தேதி, முதல் வாய் வைத்த நேரம், என்ன சாப்பிட்டேன், எத்தனை அல்லது எத்தனை கரண்டி, சாப்பிடும் முன் அளவு, ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு மணி நேரம் கழித்து, கடைசியில் குறிப்பு. நேரம் எதிலிருந்து கணக்கு என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. சாப்பிட்டுக் கை கழுவி, பாத்திரம் ஒழித்துப் போட்டு, அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் வாய் எடுத்து வைத்ததிலிருந்துதான் எண்ண வேண்டும். லேபில் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரத்தில் வாருங்கள் என்கிறார்களே தவிர, எதிலிருந்து இரண்டு மணி நேரம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

முதல் பக்கம் முதல் வரி, கேழ்வரகுக் கஞ்சி. குடிக்கும் முன் 118. ஒரு மணி நேரத்தில் 231.

மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அதே கஞ்சி, 224. நாலு நாள் கழித்து 238. அப்புறம் ஒரு தடவை 219. நாலு வருடமாக மருந்து மாதிரி நினைத்துக் குடித்தது, மாத்திரையையும் போட்டுக்கொண்டு குடித்தது, தினமும் காலையில் என் சுகரை நூறுக்கும் மேல் தூக்கி விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதே 50 கிராம் மாவைத் தராசில் நிறுத்து, முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடையாகத் தட்டிச் சாப்பிட்டுப் பார்த்தேன். 121-லிருந்து 163. திரும்பத் திரும்பச் செய்தேன், 155-க்கும் 170-க்கும் நடுவில்தான் வந்தது. மாவு ஒன்றே, தட்டில் வந்த உருவம்தான் வேறு. நைஸாக அரைத்த மாவைத் தண்ணீர் விட்டுக் குழையக் காய்ச்சினால் அதிலுள்ள மாவுச்சத்து எளிதில் செரிக்கிற நிலைக்கு வந்துவிடுகிறது, மெல்லாமல் ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிடுகிறோம், வயிற்றில் தங்காமல் இறங்கி உடனே ரத்தத்துக்குப் போகிறது என்று மகள் விளக்கினாள். கீரையும் எண்ணெயும் மெல்லுகிற வேலையும் சேரும்போது மெதுவாகிறது. உங்கள் பட்டியலில் "கேழ்வரகு" என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் அடங்கிவிட்டன, பாருங்கள்.

அடுத்தது இதைவிட எனக்கு ஆச்சரியம். என் கணவருக்கு அப்போது எல்லைக்கோடு, அதாவது சுகர் வருவதற்கு முந்தைய நிலை, வெறும் வயிற்றில் 108, 110 என்று வரும், மாத்திரை இல்லை. அவரும் உட்காரட்டும் என்று இரண்டு பேரும் ஒரே பாத்திரத்துச் சாப்பாட்டைச் சாப்பிட்டு அளந்தோம். மூன்று சப்பாத்தி, பருப்புக் கூட்டு: எனக்கு 152, அவருக்கு 196. இரண்டு கரண்டி புழுங்கலரிசிச் சோறு, சாம்பார், அவரைக்காய்ப் பொரியல்: எனக்கு 188, அவருக்கு 149. சுகர் உள்ள எனக்குச் சப்பாத்தி ஒத்துப்போகிறது, மாத்திரையே இல்லாத அவருக்குச் சோறுதான் ஒத்துப்போகிறது. ஒரு வாரம் விட்டு மறுபடி செய்தோம், எண்கள் கொஞ்சம் மாறின, ஆனால் யாருக்கு எது ஏறுகிறது என்பது மாறவில்லை. நான் சாப்பிடுகிறேனே என்று எனக்காக அவரும் நாலு வருடம் இரவில் சப்பாத்தி சாப்பிட்டிருக்கிறார்.

இது எங்கள் வீட்டு விசித்திரம் ஒன்றும் இல்லை. இஸ்ரேலில் வைஸ்மன் நிறுவனத்தில் எரான் சீகல், எரான் எலினாவ் என்ற இருவர் தலைமையில் 800 பேரின் உடம்பில் சுகர் அளக்கும் சென்சார் ஒட்டி ஒரு வாரம் கவனித்தார்கள், கிட்டத்தட்ட 47,000 சாப்பாடு கணக்கில் வந்தது, 2015-ல் வெளியிட்டார்கள். ஒரே ரொட்டி ஒருவருக்கு ஏற்றுகிறது, இன்னொருவருக்கு ஏற்றவே இல்லை. குடலில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்றார்கள். 2020-ல் இங்கிலாந்தில் ஆயிரம் பேரை வைத்து டிம் ஸ்பெக்டர் குழு செய்த ஆய்வில் ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களுக்குக்கூட ஒரே சாப்பாடு வேறு வேறாக ஏறியது. 2025-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் ஸ்னைடர் குழு அரிசி, ரொட்டி, உருளைக்கிழங்கு, பாஸ்தா, பீன்ஸ், திராட்சை, பெர்ரி என்று ஏழு உணவுகளை 55 பேருக்கு ஒரே அளவு மாவுச்சத்து வருகிற மாதிரிக் கொடுத்துப் பார்த்தது. நிறையப் பேருக்கு அரிசிதான் அதிகம் ஏற்றியது, ஆனால் உருளைக்கிழங்குக்கு மட்டும் ஏறுகிறவர்கள் இருந்தார்கள், திராட்சைக்கு ஏறுகிறவர்கள் இருந்தார்கள். இதையெல்லாம் மகள் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, எங்கள் நோட்டும் அதையேதான் சொல்கிறது என்று எனக்குத் தோன்றியது.

சரி, அளந்து தெரிந்துகொண்டு என்ன செய்தேன்? சோற்றை விடவில்லை. காவிரிக் கரையில் பிறந்தவளுக்குச் சோற்றை விடு என்று சொல்வது சுலபம், விடுவது அப்படி இல்லை. விட வேண்டிய தேவையும் வரவில்லை. நம் இலையில் பொரியலும் கூட்டும்தான் முதலில் வைக்கிறோம், ஆனால் கை முதலில் போவது சோற்றுக்கு. நான் மாற்றிக்கொண்டேன். முதலில் ஒரு கிண்ணம் பொரியல், ஒரு முட்டை அல்லது சுண்டல், அதைச் சாப்பிட்டுப் பத்து நிமிடம் கழித்துச் சோறு. அதே இரண்டு கரண்டிதான், 188 வந்த இடத்தில் 160-க்குப் பக்கம் வந்தது. நியூயார்க்கில் அல்பனா சுக்லா என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 2015-ல் பதினோரு பேரிடம் இதையே செய்து பார்த்து, காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்றால் ஏற்றம் நன்றாகக் குறைகிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்விலும் சோற்றுக்கு முன் நார்ச்சத்தோ புரதமோ கொழுப்போ சாப்பிட்டால் குறைந்தது, ஆனால் ஏற்கெனவே உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு அந்தப் பலன் குறைவாகவே இருந்தது. எனக்குக் குறைந்தது, என் அக்காவுக்கு இதே முறையில் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. அவர் அளந்து பார்த்ததால்தானே அது தெரிந்தது.

சாப்பிட்டதும் நடப்பது இன்னும் பலித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கடையின் மொட்டை மாடியில், நிழல் இருக்கிற பக்கமாக, 15 நிமிடம். வேகமாகக்கூட இல்லை. அதற்கு மட்டுமே 20, 25 குறைகிறது. காலையில் 45 நிமிடம் நடப்பதும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின் 15, 15 நிமிடம் நடப்பதும் நாள் முழுக்கச் சுகரைக் கட்டுப்படுத்துவதில் ஏறக்குறைய ஒன்றுதான், அதிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறுவதைக் குறைக்கச் சாப்பிட்டபின் நடப்பதே மேல் என்று 2013-ல் அமெரிக்காவில் வயதானவர்களை வைத்துச் செய்த ஒரு சின்ன ஆய்வு இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, பஸ் பிடித்து வேலைக்குப் போகிற பெண்களிடம் "காலையில் ஒரு மணி நேரம் வாக்கிங் போங்கள்" என்று சொல்வதைவிட இது எவ்வளவு நடக்கக்கூடிய காரியம்!

அப்புறம் அந்த ஐந்து மணி டீ. நான் சர்க்கரை போடாத டீதான் குடிப்பேன். கூட இரண்டு ரஸ்க் தொட்டுக்கொள்வேன். ரஸ்க் இனிக்காது, அதனால் அது என் கணக்கிலேயே இல்லை. 134-லிருந்து 201. இப்போது வேர்க்கடலை ஒரு கைப்பிடி. மாம்பழம் நாலு வருடம் தொடாமல் இருந்தேன், மத்தியானச் சாப்பாட்டில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துவிட்டு இரண்டு துண்டு சாப்பிட்டுப் பார்த்தால் 158. இந்த வைகாசியில் என் பேரனோடு உட்கார்ந்து மாம்பழம் சாப்பிட்டேன், ஐயா. இதை எழுதும்போதே மனசு நிறைகிறது.

மாம்பழம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது, அளக்கத் தொடங்குகிறவர்களுக்கு அவசியம் சொல்ல வேண்டியது. ஒரு நாள் பழம் நறுக்கிவிட்டு, இன்னும் ஒரு துண்டுகூட வாயில் போடாமல், விரலைத் துடைத்துக் குத்திப் பார்த்தேன். 263. பயந்துபோய் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து மறுபடி பார்த்தால் 139. விரலில் ஒட்டியிருந்த பழச்சாற்றை மீட்டர் என் ரத்தச் சர்க்கரையோடு சேர்த்து எண்ணிவிட்டது. ஜப்பானில் இதை 2011-லேயே சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள், ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை துடைத்தால்கூடப் போகாது, தண்ணீரில் கழுவத்தான் வேண்டும். கழுவிய கையில் ஈரமும் இருக்கக் கூடாது. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூட வேண்டும், நம் ஊர் ஈரக்காற்றில் கெட்டுவிடும். மீட்டருக்கும் லேபுக்கும் பத்து, பதினைந்து சதவீதம் வித்தியாசம் வரும், அது பழுது இல்லை, இந்தக் கருவிகளுக்கு அனுமதிக்கப்பட்ட அளவே நூறுக்கு மேல் 15 சதவீதம் வரை. அதனால் 148-க்கும் 155-க்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 150-க்கும் 220-க்கும் நடுவில் இருப்பதுதான் வித்தியாசம்.

ஒரு தடவை அளந்ததை வைத்து முடிவு கட்டுவதும் தப்பு. ஒரே ஆளுக்கு ஒரே சாப்பாட்டை ஒரு வாரம் விட்டுக் கொடுத்தால்கூட ஏற்றம் கணிசமாக மாறுகிறது என்று அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்தில் பார்த்திருக்கிறார்கள். என் நோட்டிலும் அப்படித்தான். தங்கை மகன் கல்யாணத்தில் இரவெல்லாம் விழித்திருந்த மறுநாள், எப்போதும் 165 வருகிற அதே இரண்டு இட்லி, சாம்பார், முட்டை 207 காட்டியது. காய்ச்சலின்போதும் அப்படி. நோட்டில் கடைசியாக உள்ள குறிப்பு இடத்தில் "தூக்கம் இல்லை", "காய்ச்சல்", "மாத்திரை மறந்தேன்" என்று எழுதி வைத்தால்தான் பிறகு படிக்கும்போது இட்லியின் மேல் பழி போடாமல் இருப்போம். ஒரு சாப்பாட்டை மூன்று தடவையாவது, வேறு வேறு நாளில் அளந்த பிறகுதான் நான் அதற்கு டிக் போடுவதோ கோடு போடுவதோ.

போன வருடம் மகள் கையில் ஒட்டுகிற சென்சாரும் வாங்கி வந்தாள். மேல் கையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டால் 14 நாள் இரவு பகலாகப் பார்க்கிறது, போனில் கோடாகத் தெரிகிறது. அது ரத்தத்தில் அளப்பதில்லை, தோலுக்கு அடியில் இருக்கிற நீரில் அளக்கிறது, அதனால் விரலில் குத்துவதற்குப் பத்து நிமிடம் போலப் பின்தங்கி வரும். விடியற்காலை நாலு மணிக்கு ஒன்றும் சாப்பிடாமலே என் சுகர் தானாக ஏறுவதை அதில்தான் பார்த்தேன், ஈரல் விடுகிற சர்க்கரையாம் அது, நிறையப் பேருக்கு இப்படி உண்டு. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு 58 என்று அலறியது, வீடே எழுந்துவிட்டது. விரலில் பார்த்தால் 104. அந்தக் கையை அழுத்திப் படுத்திருந்தேன், அழுத்தினால் குறைத்துக் காட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. நல்ல கருவி, ஒரு தடவை பார்த்ததில் நிறையப் புரிந்தது, ஆனால் 14 நாளுக்கு நாலாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு அது உயிர் காக்கும். என் மாதிரி ஆளுக்கு மீட்டரும் நோட்டும் போதும். சுகரே இல்லாத இளைஞர்கள் இதை ஒட்டிக்கொண்டு, சாப்பிட்டபின் 145 வந்துவிட்டது என்று தோசையைப் பார்த்துப் பயப்படுவதை மகளின் அலுவலகத்தில் பார்க்கிறாளாம். நல்ல உடம்பிலும் சாப்பிட்டால் ஏறும், இறங்கும். அவர்களுக்கு இதனால் நோய் வராமல் போகும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

இப்போது கடையில் நடப்பதைச் சொல்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தையல் பிரிவுப் பெண்கள் நாலைந்து பேர் என் மேசைக்கு வருவார்கள். மீட்டர் ஒன்றுதான், ஆனால் ஆளுக்கு ஆள் புது ஊசி, குத்துகிற பேனாவை யாரோடும் பகிர்வதில்லை, ஒருவர் ரத்தம் இன்னொருவர் மேல் பட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றும். இதில் நான் கண்டிப்பு. அவர்களில் ஒருவருக்கு ரத்தசோகை, ஹீமோகுளோபின் 8. லேபில் மூன்று மாதச் சராசரி 6.9 வந்து, சுகர் என்று முத்திரை குத்திவிட்டார்கள். விரலில் இரண்டு வாரம் பார்த்தால் எல்லாம் 90, 125, 130. இரும்புச்சத்து குறைந்தால் அந்தச் சராசரி பொய்யாகக் கூடிக் காட்டும். நோட்டை எடுத்துக்கொண்டு போய் வேறு டாக்டரிடம் காட்டி, முதலில் ரத்தசோகைக்கு மருந்து சாப்பிடுகிறார். நம் ஊர்ப் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொருவர் கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைக்கிற கிளிமிபிரைடு என்ற மாத்திரை சாப்பிடுகிறவர். எண்களைக் குறைக்கிற ஆசையில் டாக்டரிடம் சொல்லாமல் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார், மாத்திரையை மட்டும் போட்டிருக்கிறார். பதினோரு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியது. 52. நல்லவேளை வீட்டில் மகன் இருந்தான், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, சாப்பிடவும் வைத்தான். அந்த வகை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் சாப்பாட்டை மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். 70-க்குக் கீழே போனால் ஆபத்து. அளந்து பார்ப்பது டாக்டரை விட்டு ஓடுவதற்கு இல்லை, அவரிடம் கையில் கணக்கோடு போவதற்கு.

ஆனால் டாக்டர்களும் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நோட்டை முதல் தடவை கொண்டுபோனபோது நான் அதுவரை போய்க்கொண்டிருந்த இடத்தில் அதைத் திறக்கவே இல்லை. வெளியே ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர் நிலைமையும் எனக்குப் புரிகிறது. அடுத்து போன டாக்டர் மூன்று பக்கம் புரட்டினார், கஞ்சி வரியில் விரலை வைத்து நிறுத்தினார், சிரித்தார். ஏற்ற இருந்த மாத்திரையை ஏற்றவில்லை. ஒன்றரை வருடத்தில் 7.8 இருந்த சராசரி 6.7 ஆனது, அதே மாத்திரையில். எல்லோருக்கும் இப்படிக் குறையும் என்று நான் சொல்லமாட்டேன், எனக்குக் குறைந்தது.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேல் பேருக்குச் சுகர் இருக்கிறது, அதுபோக 13 கோடிப் பேர் எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள் என்று 2023-ல் வந்த மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். இந்த நோய்க்கென்று தனிப் பிரிவை டாக்டர் எம்.விஸ்வநாதன் 1948-லேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கியிருக்கிறார். எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டையும் நடையையும் மட்டும் சரிசெய்து கொடுத்தால் மூன்று வருடத்தில் நோயாக முற்றுவது நூற்றுக்கு 28 பங்கு குறைகிறது என்று சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து 2006-ல் நிரூபித்திருக்கிறது. இவ்வளவு முன்னோடியான ஊரில், ஒரு தையல்காரப் பெண்ணுக்குத் தன் இட்லி தன்னை எவ்வளவு ஏற்றுகிறது என்று தெரிந்துகொள்ள வழி இல்லை.

வழி என்றால் காசுதான். நான் வாங்குகிற ஸ்ட்ரிப் ஒன்று 20 ரூபாய்க்குப் பக்கம். ஒரு சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் என்றால் 40. தினமும் ஆயுசு முழுக்கக் குத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை, வழக்கமாகச் சாப்பிடுகிற பத்து, பன்னிரண்டு சாப்பாட்டை ஆரம்பத்தில் அளந்து தெரிந்துகொண்டால் அப்புறம் எப்போதாவது பார்த்தால் போதும். நான் இப்போது வாரத்துக்கு இரண்டு ஸ்ட்ரிப்தான் செலவழிக்கிறேன். ஆனால் அந்த முதல் மாதத்து 50 ஸ்ட்ரிப், ஆயிரம் ரூபாய், தினக்கூலிக்காரர் வீட்டில் வாங்க முடியாது.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-லிருந்து மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது, வருகிற பெண்களே சுகரும் பார்க்கிறார்கள். பெரிய காரியம், குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. அவர்கள் பையிலேயே ஒரு வாரத்துக்கு ஒரு மீட்டர், 20 ஸ்ட்ரிப், ஆளுக்குத் தனி ஊசி, கோடு போட்ட ஒரு சின்ன நோட்டு வைத்துக் கொடுத்து, அடுத்த வாரம் மீட்டரை மட்டும் திரும்ப வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமே. புதிதாகச் சுகர் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் முதலில் கொடுக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாந்திரப் பரிசோதனையின்போது அந்த நோட்டைப் பார்க்க ஒரு செவிலியருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கட்டும். இதை உங்கள் பத்திரிகை எழுதினால் கேட்கிறவர்கள் கேட்பார்கள். நான் மனுவாகவும் கொடுத்திருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்று. அடுத்த முறை அந்த இரண்டு கட்டத்தைப் போடாதீர்கள். அந்த இடத்தில் வெறும் கோடு போட்ட ஒரு பக்கத்தை அச்சடியுங்கள், வாசகர்கள் கத்தரித்து நிரப்பட்டும். மேலே நாலு வரியில் எப்படிக் குத்துவது, எப்போது குத்துவது, எந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை மாற்றக் கூடாது என்று ஒரு நல்ல சர்க்கரை நோய் மருத்துவரை எழுதச் சொல்லுங்கள்.

என் நோட்டின் முதல் பத்துப் பக்கத்தை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், கோடு போடும் முறைக்கு உதவும். கதவில் உங்கள் கட்டத்தை ஒட்டிய பெண்ணுக்கு நேற்றுதான் முதல் நாள். அவர் வீட்டில் இட்லி 171, கேழ்வரகுக் கஞ்சி இன்னும் பார்க்கவில்லை, நாளைக் காலை பார்க்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை.